பின் ஆக்சில் தேய்ந்துவிட்டதா? கையில் இருக்கும் காசுக்குள் சரிசெய்யும் வழி

பின்னால் இருந்து ஓர் ஊளைச் சத்தம். சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெய் கசிந்து தூசியோடு அப்பிக் கிடக்கிறது. ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போதெல்லாம் அடியில் 'டொக்' என்று ஒரு தட்டு. இதில் எதைச் சொன்னாலும் "ஆக்சிலையே மாத்திடலாம்" என்ற பதிலைக் கேட்டிருப்பீர்கள். பழைய காருக்கு அந்தச் செலவு, காரை விற்றால் வரும் பணத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

முழு ஆக்சிலும் சேர்ந்தாற்போல் கெடுவது அபூர்வம். மூச்சுத்துளை, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல், ஆட்டத்தைத் தாங்கும் ரப்பர் புஷ், பேரிங் என்று மலிவான சாமான்கள்தான் முதலில் போகும். அவற்றைக் கவனிக்காமல் விட்டால் அடுத்து ஷாஃப்ட், கடைசியில் கிரவுன் பினியன், அதாவது சுழற்சியைச் சக்கரங்களின் பக்கம் திருப்பிவிடும் பெரிய, சின்னப் பற்சக்கர ஜோடி. எனவே எந்தச் சின்னச் சாமானில் கோளாறு தொடங்கியது என்று கண்டுபிடித்து அங்கேயே நிறுத்துவதுதான் இங்கே வேலை. கண்டுபிடிக்க ஆகும் செலவு உங்கள் நேரம் மட்டும்.

இங்கே பெரும்பாலும் நான் சொல்வது பின்சக்கரம் இழுக்கும் காரின் முழு ஆக்சிலைப் பற்றி. நடுவில் டிஃபரன்ஷியல் உருண்டை (திருப்பத்தில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுவது இதுதான்), இரண்டு பக்கமும் குழாய், உள்ளே ஷாஃப்ட். முன்சக்கரம் இழுக்கும் கார் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிக்குச் சற்று முன் தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

சத்தத்தைப் பிரித்துப் பாருங்கள்

ஸ்பேனரைத் தொடும் முன் ஓட்டிப் பாருங்கள். ஆளில்லாத, ஒரே சீரான சாலை போதும்.

முதல் சந்தேகம் டயர் மேல் இருக்கட்டும். ஒழுங்கில்லாமல் தேய்ந்த டயர் போடும் சத்தம் அச்சு அசல் பேரிங் சத்தம் போலவே இருக்கும். சாலையின் பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் டயர்தான். சந்தேகம் தீரவில்லையென்றால் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தம் இடம் மாறினால் ஆக்சிலைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் ஆக்சிலேட்டரை வைத்து ஒரு சோதனை. ஒரே வேகத்தில் போகும்போது மிதித்தால் ஒரு சுருதி, காலை எடுத்தால் வேறு சுருதி, நடுவில் ஒரு இடத்தில் சத்தமே இல்லை என்றால் அது கிரவுன் பினியன் பற்களின் ஊளை. மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், வேகத்தோடு மட்டும் கூடிக் குறைகிற 'உர்ர்' என்ற சத்தம் பேரிங்குடையது. அதில் எந்தப் பக்கம் என்பதற்கு, வண்டியை மெதுவாக இடமும் வலமும் சாய்த்து ஓட்டுங்கள். இடது பக்கம் திருப்பும்போது பாரம் வலது சக்கரத்தில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங் மேல் சந்தேகம் வைக்கலாம். பினியனைத் தாங்கும் பேரிங் போனாலும் 'உர்ர்' சத்தம்தான், ஆனால் சற்றுக் கீச்சென்று மேல் சுருதியில் கேட்கும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் பினியன் மூன்று நான்கு சுற்றுச் சுற்றிவிடுகிறதே, அதனால்.

திருப்பத்தில் மட்டும் சத்தம் வந்தால் டிஃபரன்ஷியலின் உள்ளே இருக்கும் சின்னப் பற்சக்கரங்களைப் பாருங்கள். நேராகப் போகும்போது அவற்றுக்கு வேலை இல்லை. கியர் போட்டு எடுக்கும்போது வரும் 'டொக்' ஒரு இடத்தில் பிறப்பதல்ல. கியர்பாக்ஸில் இருந்து ஆக்சிலுக்குச் சுழற்சி கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் (சிலுவை வடிவ மூட்டு), ஆக்சிலைப் பிடிக்கும் கம்பிகளின் புஷ், டிஃபரன்ஷியல் வாஷர் எல்லாவற்றின் ஆட்டமும் சேர்ந்து ஒரே தட்டாகக் கேட்கும். நல்ல வேளையாக அதில் மிக மலிவானவைதான் அடிக்கடி குற்றவாளி.

தூக்கும் முன்

இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது. இரண்டு ஸ்டாண்டு கட்டாயம். செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் ஸ்டாண்டு ஆகாது. அவை சொல்லாமல் உடையும்.

பலர் கவனிக்காத ஒன்று: பெரும்பாலான கார்களில் கைப்பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் கியரும் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிய நொடியில் இரண்டும் வீண். வண்டி உருளாமல் இருப்பது முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் நீங்கள் வைக்கும் கட்டையால் மட்டும்தான். சமதளத்தில் நிறுத்தி, கட்டையை இறுக்கி வைத்து, சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்று இளக்கிவிட்டு, அதற்கப்புறம் தூக்குங்கள். ஸ்டாண்டை ஆக்சில் குழாய்க்கு அடியில் வைத்தால் ஷாஃப்ட் வேலைக்கு வசதி. கம்பி, புஷ் வேலை என்றால் பாடியின் கட்டமைப்புக்கு அடியில் வைத்து ஆக்சிலை ஜாக்கியால் தனியாகத் தாங்க வேண்டும்.

தூக்கியதும் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். பிறகு ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறு கையைச் சுருள் ஸ்பிரிங் மேல் வையுங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரல்களுக்கு வந்துவிடும். காதுக்கு எட்டாததுகூடக் கைக்கு எட்டும். இரண்டு பக்கமும் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூச்சுத்துளையும் எண்ணெயும்

ஆக்சில் குழாயின் மேல்பக்கம், அல்லது டிஃபரன்ஷியல் உருண்டையின் தலையில், ஒரு சின்ன மூடியோ ரப்பர் குழாயோ இருக்கும். அதுதான் ப்ரீதர். ஓடும்போது உள்ளே எண்ணெய் சூடாகிக் காற்று விரியும். அது வெளியேற வழி இதுதான். சேறு அடைத்துக்கொண்டால் காற்று சீல் வழியாக எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வரும்.

என் வண்டியில் இடது பக்க சீலை ஒரே வருடத்தில் மூன்று முறை மாற்றினேன். சீல் தரமில்லை என்று கடையை மாற்றினேன், பிராண்டை மாற்றினேன். மூன்றாவது முறை ஓட்டிவிட்டு வந்த சூட்டிலேயே அடியில் படுத்தபோதுதான் ப்ரீதர் கண்ணில் பட்டது. மேலே சேறு காய்ந்து, பூசு வேலை செய்தது போல வழவழவென்று மூடியிருந்தது. ஸ்பேனர் வைத்து ஒரு சுற்றுத் திருப்பியதும் சைக்கிள் டியூப் வால்வை அமுக்கினாற்போல் 'உஸ்ஸ்' என்று காற்று வந்தது. அதன்பின் அந்தச் சீல் கசியவே இல்லை. ஆகவே எந்தச் சீலை மாற்றும் முன்பும் ப்ரீதரைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வாயால் ஊதிப் பாருங்கள். காற்று தடையில்லாமல் போக வேண்டும்.

அடுத்து எண்ணெய். வடிக்கும் போல்ட்டைத் தொடும் முன் ஊற்றும் போல்ட்டைத் திறந்து பாருங்கள். மேல் போல்ட் துருப்பிடித்துத் திறக்கவில்லை, கீழே இருந்த எண்ணெய் முழுக்க வடிந்துவிட்டது என்றால் வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும். இது நான் பட்டு அறிந்தது.

வடிந்த எண்ணெயை வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் பாருங்கள். எண்ணெயில் விட்ட காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். மின்னும் செதில்கள் இருந்தால் பேரிங் உரிய ஆரம்பித்திருக்கிறது. விரலில் உருட்டினால் முனை தட்டுப்படுகிற துண்டு கிடைத்தால் அது பல். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மரத்தூள் கிடைத்தால் ஆச்சரியப்படாதீர்கள்: ஊளையை அடக்கிக் காரை விற்கச் செய்யும் பழைய தந்திரம் அது.

புது எண்ணெய் கையேட்டில் சொன்னபடி. ஹைபாய்டு பல் வைத்த டிஃபரன்ஷியலில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளுவதோடு சறுக்கவும் செய்கின்றன. அதற்கு ஜிஎல்-5 தரம் வேண்டும், பல கார்களுக்கு 80டபிள்யூ-90. எஞ்சின் ஆயிலோ ஜிஎல்-4 எண்ணெயோ அந்த அழுத்தத்தைத் தாங்காது. ஊற்றுவதற்குப் பம்ப் வாங்க வேண்டாம். பாட்டிலில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, பாட்டிலை உயரத்தில் தொங்கவிட்டால் தானாக இறங்கும். வண்டி சமமாக நிற்கும்போது துளையின் கீழ்விளிம்பில் எண்ணெய் எட்டி வழிய ஆரம்பித்தால் போதும்.

ஷாஃப்ட், பேரிங், சீல்

இங்கேதான் அதிகம் மிச்சம் பிடிக்கலாம், அதிகம் கெடுக்கவும் செய்யலாம். முதலில் உங்கள் ஆக்சில் எந்த வகை என்று தெரிய வேண்டும். சிலவற்றில் ஷாஃப்டை வெளிப்பக்கத்தில் ஒரு தகடும் நான்கு போல்ட்டும் பிடித்திருக்கும். சிலவற்றில் உட்பக்க முனையில் சி வடிவக் கிளிப் இருக்கும்; அதை எடுக்க டிஃபரன்ஷியல் மூடியைத் திறக்க வேண்டும். கீழே சொல்வது தகடு வைத்த வகைக்கு.

1. சக்கரத்தைக் கழற்றி, கைப்பிரேக்கை விடுவித்து, பிரேக் அட்ஜஸ்டரை இளக்கி டிரம்மை எடுங்கள். பிடித்துக்கொண்டால் டிரம்மின் முகத்தில் திருகு வைத்த துளை இரண்டு இருக்கிறதா பாருங்கள். இரண்டிலும் சரியான போல்ட்டைச் சமமாக இறுக்கினால் டிரம் தானே வெளியே வரும். உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சோப்புத் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள்.

2. ஷாஃப்டின் முகத்தில் இருக்கும் பெரிய துளை வழியாக சாக்கெட்டை விட்டு, தகட்டைப் பிடிக்கும் நட்டுகளைக் கழற்றுங்கள். பிரேக் பைப்பைக் கழற்றத் தேவை வராது; ஷாஃப்ட் வெளியே வந்தபின் ஒன்றிரண்டு நட்டுகளை மறுபடி கையால் போட்டு, பிரேக்கைத் தாங்கும் பின்தகடு தொங்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஷாஃப்டை உருவ ஸ்லைடு ஹாமர் (கம்பியில் ஓடும் எடையால் அடித்து இழுக்கும் கருவி) வேண்டும் என்பார்கள். டிரம் இருக்கும்போது அது எதற்கு? டிரம்மைத் திருப்பி, உட்பக்கம் உங்களைப் பார்க்கும்படி, சக்கர நட்டு ஏறும் ஸ்டட்களில் மாட்டி, நட்டுகளை நுனியில் சில சுற்றுகள் மட்டும் போடுங்கள். இப்போது டிரம்முக்கு விரலகலம் ஓடும் இடம் இருக்கும். இரண்டு கையாலும் பிடித்து வெளிப்பக்கமாகச் சட்டென்று இழுத்தால் டிரம்மே சுத்தியலாக வேலை செய்யும். நாலைந்து அடியில் ஷாஃப்ட் கிளம்பிவிடும். வரும்போது ஷாஃப்டின் பாரம் சீல் மேல் விழாமல் தாங்கிப் பிடியுங்கள்.

4. வெளியே வந்த பேரிங்கைத் துடைத்துவிட்டு விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். மணல் நெறிபடும் உணர்வு இருந்தாலே மாற்ற வேண்டியதுதான்.

பேரிங் வாங்கும்போது காரின் பெயரைச் சொல்லாதீர்கள், பேரிங்கின் எண்ணைச் சொல்லுங்கள். விளிம்பில் 6207 2ஆர்எஸ் சி3 என்று பொறித்திருக்கிறது என்று வையுங்கள். கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் உள்துளையின் அளவு: 35 மி.மீ. 62 என்பது வரிசை. இந்த எண்ணுக்கு வெளிவிட்டம் 72, அகலம் 17 மி.மீ. 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி, சி3 என்றால் உள்ளே சற்றுக் கூடுதல் இடைவெளி. அதே எண்ணில் நல்ல தயாரிப்பு பேரிங் கடையில் கிடைத்தால், கார் கம்பெனிப் பெட்டியில் வருவதைவிட மலிவாக முடியும். ஆனால் எண்ணோடு பின்னொட்டும் ஒத்துப்போக வேண்டும். சில ஆக்சில் பேரிங்குகள் அந்த வண்டிக்கென்றே அகலமாக, சீல் சேர்த்துச் செய்தவை. அவற்றுக்கு மாற்றுத் தேடாதீர்கள்.

சீலும் அப்படித்தான். முகத்தில் 35×52×7 என்று இருந்தால் ஷாஃப்ட் விட்டம், துளை விட்டம், தடிமன். எழுத்து அழிந்திருந்தால் சீலை நம்பி அளக்காமல் ஷாஃப்டையும் துளையையும் வெர்னியரால் அளங்கள். பழைய ரப்பர் விரிந்து போயிருக்கும்.

பேரிங்கைக் கழற்ற முதலில் அதைப் பிடித்திருக்கும் இரும்பு வளையத்தை எடுக்க வேண்டும். கேஸ் வெல்டிங் நெருப்பு வேண்டாம். ஷாஃப்டின் பதம் போய்விடும். வளையத்தில் பக்கவாட்டில் ஒரு துளையை முக்கால் ஆழம் போட்டு, அதன்மேல் கூர் உளியை வைத்து ஓங்கி ஒரு அடி. வளையம் பிளந்து தளர்ந்துவிடும். துளை ஷாஃப்டைத் தொட்டுவிடக் கூடாது. அந்தக் கீறலில் இருந்துதான் பின்னாளில் ஷாஃப்ட் முறியும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பேரிங் எஃகு சில்லாகத் தெறிக்கும்.

இனி வருவதை இரண்டு முறை படியுங்கள். புது பேரிங்கை ஏற்றும் முன் தகட்டை ஷாஃப்டில் போட்டாயிற்றா? நான் ஒருமுறை பேரிங்கும் வளையமும் அழகாக ஏற்றிவிட்டு, துடைத்துவிட்டு நிமிர்ந்தால் தகடு பெஞ்சின் மேல் என்னைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. புது பேரிங்கை உடைத்துத்தான் எடுக்க முடிந்தது. தகடு, சீல், பேரிங், வளையம் எந்த வரிசையில், எந்த முகம் எந்தப் பக்கம் என்று கழற்றும்போதே கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றும் வேலையை மட்டும் பிரஸ் உள்ள பட்டறையிடம் கொடுங்கள். சின்னக் கூலிதான். இந்த வகை ஆக்சிலில் சக்கரம் கழன்று போகாமல் பிடித்து வைத்திருப்பது அந்த வளையத்தின் இறுக்கம் ஒன்றுதான். அதனால் வளையம் எப்போதும் புதிது, பழையதை மறுபடி போடக் கூடாது. பிரஸ்காரரிடமும் பேரிங்கின் உள்வளையத்தை மட்டும் அழுத்தச் சொல்லுங்கள். வெளிவளையத்தை அழுத்தினால் பாரம் குண்டுகள் வழியாகப் போய்ப் பாதையில் குழி விழும். புது பேரிங் முதல் நாளே சத்தம் போடும்.

ஷாஃப்டில் சீல் உரசிய இடத்தில் நகம் மாட்டுகிற அளவு பள்ளம் இருந்தால் புது சீலும் கசியும். ஷாஃப்டை மாற்றும் முன் இரண்டு மலிவு வழிகள் உண்டு. துளையில் இடம் இருந்தால் சீலை 1 அல்லது 2 மி.மீ. முன்னே பின்னே நிறுத்துங்கள்; உதடு தேயாத பரப்பில் உட்காரும். இடம் இல்லையென்றால் ஷாஃப்ட் மேல் ஏற்றும் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் கிடைக்கிறது. கால் மில்லிமீட்டரைச் சுற்றிய தடிமன்தான், அதே அளவு சீல் பொருந்தும். மூன்றாவதாக ஒருவர் "வெல்டிங் வைத்து லேத்தில் கடைந்து தருகிறேன்" என்பார். ஆக்சில் ஷாஃப்ட் பதம் ஏற்றிய எஃகு. வெல்டிங் சூட்டில் பக்கத்திலேயே நொறுங்கும் தன்மை வந்துவிடும். வேண்டாம்.

சீலைத் தட்டி ஏற்றும்போது உதட்டில் கிரீஸோ கியர் ஆயிலோ தடவி, ஸ்பிரிங் இருக்கும் பக்கம் எண்ணெயைப் பார்க்கும்படி வையுங்கள். சீல் அகலத்துக்கு ஒரு பெரிய சாக்கெட்டோ பைப் துண்டோ வைத்துச் சமமாகத் தட்டினால் போதும். ஷாஃப்டை உள்ளே விடும்போது அதன் பல் முனை சீலின் உதட்டைக் கீறாமல் தாங்கிக்கொண்டே போக வேண்டும். பாதிப் புது சீல்கள் கசிவது இந்த ஒரு நிமிட அவசரத்தால்.

கியர் ஆயில் ஊறிய பிரேக் லைனிங்கைப் பெட்ரோலில் கழுவியோ தீயில் காட்டியோ திரும்பப் போடாதீர்கள். மேலே காய்ந்தது போல இருக்கும், பிரேக் சூடானதும் உள்ளே இருப்பது கசிந்து வரும். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் இழுக்கும்.

'டொக்' சத்தத்தைத் துரத்துவது

மலிவானதில் தொடங்குங்கள். புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் பிடித்து முறுக்கும்போது கிராஸின் இரண்டு கவைகளும் ஒன்றாக அசைகின்றனவா, ஒன்று முந்தி ஒன்று பிந்தியா என்று பாருங்கள். பிந்தினால் கிராஸ் போய்விட்டது. ஷாஃப்டைக் கழற்றும் முன் இரு பக்கமும் பெயின்ட்டால் கோடு போட்டு வைத்து, அதே நிலையில் மாட்டினால் அதிர்வு வராது.

அடுத்து, ஆக்சிலைப் பிடிக்கும் கம்பிகளின் ரப்பர் புஷ். கடப்பாரை முனையைப் புஷ்ஷுக்குப் பக்கத்தில் கொடுத்து நெம்புங்கள். நடு உருளை ரப்பரை விட்டுப் பிரிந்து ஆடினால் மாற்ற வேண்டும். மாற்ற பிரஸ் தேவையில்லை. வலுவான முழுத்திருகுக் கம்பி ஒன்று, நட், தடித்த வாஷர்கள், புஷ்ஷை விடச் சற்றே சின்ன சாக்கெட் ஒரு பக்கம் தள்ள, புஷ் உள்ளே போய் விழுகிற அளவு பைப் துண்டு மறுபக்கம் தாங்க. நட்டை இறுக்க இறுக்கப் பழையது வெளியே வரும். அடம் பிடித்தால் ரப்பரைத் துளைத்து எடுத்துவிட்டு, வெளிக்கூட்டை ஆக்சா பிளேடால் ஒரு கோடு அறுத்தால் சுருங்கிவிடும். கம்பியின் துளையை அறுத்துவிடாமல் கவனம். எரித்து எடுக்காதீர்கள், அந்தப் புகை விஷம். புது புஷ்ஷுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸும் எண்ணெயும் ரப்பரைத் தின்னும்.

இதில் ஒரு சூட்சுமம். புஷ் போல்ட்டுகளை, வண்டியின் பாரம் ஆக்சிலில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். ஆக்சில் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிரந்தரமாக நிற்கும், கொஞ்ச நாளில் கிழியும்.

லீஃப் ஸ்பிரிங் வைத்த காரில், ஆக்சிலை ஸ்பிரிங்கோடு பிடிக்கும் யு-போல்ட் தளர்ந்தாலும் இதே தட்டு வரும். மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தட்டு நிற்கவில்லை என்றால் டிஃபரன்ஷியலின் சின்னப் பற்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும் வாஷர்களைப் பாருங்கள். தேய்ந்து காகிதம் மாதிரி ஆகியிருக்கும். பல ஆக்சில்களில் மூடியைத் திறந்து, நடு முளையை உருவி, கிரவுன் பினியன் அமைப்பைத் தொடாமலே வாஷரை மட்டும் மாற்றலாம். அந்தப் பற்சக்கரங்கள் இருக்கும் கூட்டையே வெளியே எடுத்தாக வேண்டும் என்றால் இரண்டு பேரிங் மூடிகளையும் இடது, வலது என்று குத்தி அடையாளம் வையுங்கள். அவற்றைச் சேர்த்தே கடைந்திருப்பதால் மாற்றிப் போட்டால் பொருந்தாது.

பினியன் சீல் கசிந்தால்

சீல் மலிவு, ஆனால் அதன் நட் ஆபத்தானது. பல ஆக்சில்களில் பினியனின் இரண்டு பேரிங்குக்கு நடுவே நசுங்கும் ஸ்பேசர் (இடைவெளி வளையம்) ஒன்று இருக்கிறது. நட் எவ்வளவு இறுகியதோ அதற்கேற்ப அது நசுங்கிப் பேரிங்கின் அழுத்தத்தைத் தீர்மானித்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினால் சீல் வேலை பேரிங் வேலையாகிவிடும்.

டிரம் இரண்டையும் கழற்றி, பிரேக் உரசாமல் இருக்கும்போது, பினியன் ஃபிளேஞ்சில் (புரொப்பல்லர் ஷாஃப்ட் மாட்டும் வட்டு) ஒரு கயிற்றைச் சுற்றி, நுனியில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுங்கள். சீராகச் சுற்றும்போது தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நட், பினியன் முனை, ஃபிளேஞ்ச் மூன்றிலும் ஒரே நேர்க்கோட்டில் குத்தி அடையாளம் வைத்து, எத்தனை சுற்றில் கழல்கிறது என்று எண்ணுங்கள். சீலை மாற்றியபின் அதே சுற்று, அதே கோடு. தராசு பழைய எண்ணையோ, ஒரு மயிரிழை கூடவோ காட்டினால் நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் நட்டைப் பின்னால் திருப்பிப் பயனில்லை. நசுங்கிய ஸ்பேசர் மீண்டு வராது, புதிது போட வேண்டும்.

கிரவுன் பினியனே போய்விட்டால்

சத்தம் பல வருடமாக ஒரே அளவில் இருக்கிறது, எண்ணெயில் துண்டு இல்லை என்றால் என் யோசனை: எண்ணெயைச் சரியாக வைத்துக்கொண்டு அப்படியே ஓட்டுங்கள். ஊளை எரிச்சல்தான், அவசரம் இல்லை. துண்டு விழுந்திருந்தால் மட்டும் ஓட்டக் கூடாது. ஓடும்போது பல் இறுகினால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும்.

கிரவுனையும் பினியனையும் தனித்தனியாக மாற்ற முடியாது. ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தியவை. புது ஜோடியைப் பொருத்த ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு), டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி), பல் பதியும் அடையாளம் பார்க்கும் பழக்கம் எல்லாம் வேண்டும். பற்களுக்கிடையே விட வேண்டிய இடைவெளி பல கார்களில் 0.10 முதல் 0.20 மி.மீ.க்குள். இதை வீட்டில் கற்றுக்கொள்ள முதல் பாடமாக எடுக்க வேண்டாம். குறைந்த செலவில் முடிய வேண்டுமென்றால் பழைய சாமான் யார்டில் முழு ஆக்சிலாக வாங்கி மாட்டுவதே மலிவு.

வாங்கும் முன் விகிதம் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றதை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். அதற்குள் பினியன் எத்தனை சுற்றுகிறதோ அதுதான் விகிதம். நான்கைத் தொட்டும் தொடாமலும் நின்றால் 43 பல்லும் 11 பல்லும் சேர்ந்த 3.91 ஆக இருக்கலாம். மூடியைத் திறந்து பல்லை எண்ணி உறுதி செய்யுங்கள். அப்படியே எண்ணெயின் வாசனை, காந்தம், பினியனின் ஆட்டம் எல்லாம் அங்கேயே பார்த்துவிடுங்கள். வாங்கி வந்ததும் மாட்டும் முன் சீல் மூன்றையும் (ஷாஃப்டுக்கு இரண்டு, பினியனுக்கு ஒன்று) புதிதாகப் போடுங்கள். பெஞ்சில் அரைமணி வேலை, அடியில் படுத்தால் அரைநாள்.

முன்சக்கரம் இழுக்கும் கார்களுக்கு

பின்னால் டிஃபரன்ஷியல் இல்லாததால் பாதித் தலைவலி இல்லை. கூம்பு ரோலர் பேரிங் வைத்த ஹப் என்றால், மாற்றுவதற்கு முன் கழுவி, புது கிரீஸ் வைத்து, இறுக்கத்தைச் சரிசெய்து பாருங்கள்: சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு இளக்கி, விரல் இறுக்கத்தில் நிறுத்திப் புது ஸ்பிளிட் பின் போடுங்கள். சேர்ந்த கூடாக வரும் பேரிங் என்றால் இந்த முறை ஆகாது. கையேட்டில் சொன்ன இறுக்கம் தேவை, டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கியாவது இறுக்குங்கள்.

பெஜோ 206 போன்ற கார்களில் பின்சக்கரக் கைகள் ஊசி ரோலர் பேரிங்கில் ஆடுகின்றன. தண்ணீர் புகுந்து அது துருப்பிடித்தால் முதலில் கிரீச்சென்ற சத்தம், பிறகு பின்சக்கரங்களின் தலை உள்பக்கம் சாயும். சத்தக் கட்டத்திலேயே திறந்தால் பேரிங்கும் சீலும் போட்டு முடித்துவிடலாம். சாய்ந்த பிறகு திறந்தால் உள் ஷாஃப்டே அரித்துப்போயிருக்கும், வேலை பெரிதாகிவிடும்.

மாட்டி முடித்த பிறகு

முதல் ஓட்டம் குறுகியதாக இருக்கட்டும். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்து பதினைந்து கிலோமீட்டர் போய் நிறுத்தி, இரண்டு பின் டிரம்மின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் உரசுகிறது, அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. சக்கர நட்டுகளை அன்றே ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். யு-போல்ட் தொட்டிருந்தால் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அதையும்.

இரவு வண்டியை நிறுத்தும்போது ஆக்சிலுக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். காலையில் பொட்டு விழுந்திருந்தால், அது டிரம்முக்கு நேர் கீழா, நடு உருண்டைக்கு நேர் கீழா என்று பார்த்தால் எந்தச் சீல் என்று தெரிந்துவிடும். அட்டை காய்ந்தே இருந்தால் மடித்து எடுத்து வையுங்கள், அடுத்த முறை அடியில் படுக்க உதவும்.